ஒரு நிமிடத்தைத் தேடி டெல்லியில் ஐந்து நாள்

டெல்லிக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு பட்டியல் தந்தார்கள். வேதியியல் துறைக்குக் காஷ்மீர் சால்வை. தமிழ்த் துறைக்கு ஜன்பத் கடைவீதிக் கம்மல், அதுவும் பச்சைக் கல் வைத்தது. "நீ எதுக்குடி போறே?" என்று கடைசியாகக் கேட்டார்கள். தொலைந்துபோன ஒரு நிமிடத்தைத் தேடப் போகிறேன் என்றேன். இவளுக்கு முத்திவிட்டது என்கிற மாதிரி பார்த்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் பாதிப் பேர் விழித்திருந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. கூடவே ஆறு வருடமாகப் பகுதி நேர முனைவர் பட்ட ஆராய்ச்சி. எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் வந்த சின்னச் சின்ன நிலநடுக்கங்கள்தான் பொருள். இதில் எனக்கு ஒரு சொந்தப் பகை உண்டு. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் கட்டில் ஆடி விழித்தேன். சமையலறையில் டம்ளர்கள் கிணுகிணுவென்றன. "லாரி போயிருக்கும், படு" என்றார் அப்பா. எங்கள் சந்தில் ஆட்டோவே பின்னால் போய்த்தான் வெளியே வரவேண்டும். லாரி எங்கே வருவது? நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

வளர்ந்து ஆராய்ச்சிக்கு வந்த பிறகு நிலநடுக்கப் பட்டியலில் அந்த விடிகாலையைத் தேடினேன். இருந்தது! ஆனால் அரபிக் கடலில் இருந்தது. அவ்வளவு தூரத்தில் வந்த சின்ன அதிர்வு எங்கள் டம்ளரை ஆட்டவே முடியாது. மூன்று நிலையங்கள் அதைப் பதிந்திருந்தன. இரண்டு வெகு தொலைவு. மூன்றாவது எங்களுக்கு அருகே மலை மேல் இருந்த நிலையம். அதன் நேரம் மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை என்று, பட்டியலில் ஒரு கேள்விக்குறி போட்டு ஒதுக்கிவிட்டார்கள். அந்த நேரத்தோடு சரியாக ஒரு நிமிடம் கூட்டிப் பார்த்தேன். மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. நடுக்கம் கடலை விட்டு எங்கள் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது.

என் ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான். தேர்வாளர் இரண்டே வரி எழுதினார். ஒரு நிமிடத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. மலை நிலையத்தின் மூலப் பதிவுத் தாளை வைத்திருக்கும் அலுவலகம் மறுபடி வாசித்து உறுதி செய்யட்டும், இல்லாவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். மூலத் தாள் டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கட்டுக்குள் இருந்தது. மாதக்கணக்கில் கடிதம் எழுதி, ஒரே ஒரு தாளைப் பார்க்க அனுமதி வாங்கினேன். அனுமதியோடு ஒரு தகவலும் வந்தது. வெள்ளிக்கிழமை பழைய கட்டுகள் எல்லாம் வேறு கட்டிடத்துக்குப் போகின்றன, அங்கே அடுக்கி முடியும்வரை யாருக்கும் எதுவும் கிடைக்காது. எனக்கு இருந்தது நான்கு நாள்.

திங்கட்கிழமை விமானம் டெல்லிக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தது. கீழே பனிமூட்டம். பக்கத்து இருக்கைக்காரர் போனில் படம் பார்த்தபடி, "ஜனவரியில் கிளம்புவது நம் கையில், இறங்குவது கடவுள் கையில்" என்று இந்தியில் சொல்லிவிட்டு எனக்கு ஒரு பாக்கெட் வறுத்த கடலை கொடுத்தார். நானும் கோயம்புத்தூர்க்காரி, குளிர் எங்களுக்குப் புதிதா என்று ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போயிருந்தேன். விமான நிலையக் கதவு திறந்ததும் அந்த வீறாப்பு போன இடம் தெரியவில்லை.

கிட்வாய் நகரில் மெர்சி வீட்டில் தங்கினேன். கல்லூரியில் என்னோடு படித்தவள், மத்திய அரசு வேலை, டெல்லி வந்து பதினெட்டு வருடம். வாசலிலேயே அவளுடைய கம்பளிக் கோட்டை என் மேல் போர்த்தி, "இதுக்குத்தான் போன்லயே சொன்னேன்" என்று திட்டினாள். சுடச்சுட ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டாள். ரசம் பிரமாதம். தண்ணீர்தான் இறங்கவில்லை. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு எந்த ஊருக்குப் போனாலும் இப்படி அவமானப்படுத்தும்.

செவ்வாய்க்கிழமை காலை மெட்ரோவில் பெண்கள் பெட்டியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் திசையைக் கவனிக்காமல் ஏறிவிட்டேன். க்ரீன் பார்க் வந்த பிறகுதான் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மா, ஊசியை நிறுத்தாமல், "இறங்கு மகளே, எதிர்ப் பக்கம் போ" என்று சைகையிலேயே முழு வழியும் சொன்னார். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இப்படித் தப்பாக ஏறினால் கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்திருப்பார். இங்கே அமைதியாக அவமானப்பட முடிந்தது.

அலுவலகத்தில் ஆவணப் பிரிவு அதிகாரி குப்தா. மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிய மனிதர், சிரிப்பை எங்கோ பூட்டி வைத்திருந்தார். என் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ரேவதி!" என்று கூப்பிட்டார். முப்பது வயதுப் பெண் ஒருவர், கையுறையும் மேலங்கியுமாக வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "தமிழாக்கா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரேவதி ஒப்பந்தப் பணியாளர். பழைய பதிவுத் தாள்களை ஸ்கேன் செய்வது அவர் வேலை. அந்தப் படத்திலிருக்கும் பேனாக் கோடுகளைக் கணினி எண்களாக மாற்றும். பிறகு அது இணையக் காப்பகத்தில் ஏறும். எந்த ஊர் ஆராய்ச்சியாளரும் நிலையத்தின் பெயர், நாள், நேரம் தட்டினால் அந்தத் துண்டு அவர் கணினிக்கு வந்துவிடும். புதிய பதிவுகளை நான் இப்படித்தான் வருடக்கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய தாள்களில் கொஞ்சம்தான் இதுவரை ஏறியிருக்கிறது. எங்கள் மலை நிலையத்தின் முறை வரவேயில்லை.

ரேவதி கட்டைப் பிரித்து, என் வியாழக்கிழமைத் தேதி போட்ட தாளை மேசையில் விரித்தார். பாய் அகலத் தாள். உருளையில் தாளைச் சுற்றி, உருளை சுழலச் சுழலப் பேனா வரைந்துகொண்டே போன நீல மசிக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. நிமிடத்துக்கு ஒரு சின்ன மேடு, மணிக்கு ஒரு பெரிய மேடு. பூமி சும்மா இருந்தால் கோடு சும்மா போகும், ஆடினால் பேனாவும் ஆடும். நான் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை விரலை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சும்மா போன கோடுகள். நடுக்கமே இல்லை.

இரண்டாம் முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போது கண் மங்கியது. அப்பா சொன்ன லாரிதானோ என்று ஒரு கணம் நானே நினைத்தேன். ஆறு வருடம் கண்முன் சுருண்டு விழுந்த மாதிரி இருந்தது.

"எத்தனை மணிக்குக்கா ஆடுச்சு?" என்றார் ரேவதி.

"விடிகாலை அஞ்சு மணி சுமாருக்குங்க."

"அச்சா... அப்போ இதுல எப்படி இருக்கும்? தாள்ல போடுற தேதி மாட்டின தேதிக்கா. காலைல எட்டரைக்கு மாட்டுவாங்க, மறுநாள் எட்டரைக்குத்தான் கழட்டுவாங்க. உங்களோடது புதன்கிழமை தாள்ல இருக்கும்."

என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கணினியில் நாளைத் தட்டினால் நாள் வந்து விழும் என்றே பழகியவள் நான். தாளைக் கையால் மாட்டிக் கழற்றிய மனிதர் ஒருவர் இருந்தார், அவருக்கும் ஒரு வேலை நேரம் இருந்தது என்று தோன்றவே இல்லை. ஆறு வருட ஆராய்ச்சியில் கேட்காத பாடத்தை மூன்று வாக்கியத்தில் கேட்டேன்.

புதன்கிழமைத் தாள் அதற்கு அடுத்துத்தான் இருந்தது, ரேவதியின் கைக்கு எட்டும் தூரத்தில். தொட முடியாது. என் அனுமதி ஒரு தாளுக்கு, அதுவும் தேதி எழுதிய தாளுக்கு. குப்தா கடிதத்தில் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, புது விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு மெர்சி செய்த கேரட் அல்வாவின் ருசிகூட எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை முழுவதும் காத்திருப்பு. மதியம் வாசலில் சைக்கிள்காரரிடம் மட்டர் குல்ச்சா சாப்பிட்டேன். வெந்த பட்டாணியில் வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை பிழிந்து, சூடான ரொட்டியோடு தருகிறார். எங்கள் ஊர்க் காளான் சில்லிக்கு நிகராக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன். பக்கத்தில் நின்று சாப்பிட்ட இரண்டு குமாஸ்தாக்கள் போன வாரம் வந்த லேசான அதிர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் வீட்டு ஃபேன் ஆடியது" என்றார் ஒருவர்.

"உன் வீட்டு ஃபேன் வாங்கின நாளிலிருந்தே ஆடுகிறது" என்றார் மற்றவர்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. டெல்லியில் ஃபேன் ஆடினால் ஊரே நம்புகிறது. குழந்தைகளுக்குக்கூட மேசைக்கு அடியில் போகத் தெரியும். எங்கள் ஊரில் வீடே ஆடினாலும் லாரிதான்.

ரேவதி சாப்பாட்டு டப்பாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புளிசாதமும், உருளைக்கிழங்கு பட்டாணி போட்ட ஆலு மட்டரும். அவர் பிறந்து வளர்ந்தது ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டு வாழ்ந்த மதராசி கேம்ப்பில். அது இடிக்கப்பட்டதும் டெல்லியின் வட கோடியில் நரேலாவில் வீடு கிடைத்து அங்கே போயிருக்கிறார்கள். அங்கிருந்து பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். "ஜங்புரால இருந்தப்போ நடந்தே வந்துருவேன்க்கா. இப்போ டெய்லி ஊருக்குப் போயிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாராம். அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டாராம்.

"இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?"

"பெருக்கத்தான் வந்தேன். ஒரு நாள் ஸ்கேன் பண்ற ஆள் வரலை. மெஷின் முன்னாடி உட்காருன்னாங்க. அவ்ளோதான், உட்கார்ந்துட்டேன்." சொல்லிவிட்டு, மீதிப் புளிசாதத்தை என் பக்கம் தள்ளினார். விழுப்புரம் பக்கத்துக் கைப்பக்குவம் டெல்லியில் கிடைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குக் குப்தா கூப்பிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. அவர் சொன்ன இந்தியை ரேவதி தமிழாக்கினார். "உங்க வாசிப்பு செல்லாதாம்க்கா. உங்களுக்கு இதுல ஆசை இருக்கு, அதனால. ஆபீஸ்ல ரெண்டு பேரு தனித்தனியா நிமிஷத்தை எண்ணணும். ஒருத்தர் எண்ணினது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் எழுதித் தருவாராம்." ஒருவர் குப்தா. இன்னொருவர் மகள் கல்யாணத்துக்குக் கான்பூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை கட்டுகளை ஏற்ற வண்டி வந்துவிடும். குப்தா அறையைச் சுற்றிப் பார்த்தார், கடைசியில் ரேவதியைப் பார்த்தார்.

"எண்ணத் தெரியும்தானே?" என்றார் இந்தியில்.

"தெரியும் சார்" என்றார் ரேவதி. எத்தனையாவது நிமிடம் என்று நான் எதிர்பார்க்கிறேன் என்பதை அவரிடம் வாய் தவறியும் சொல்லவில்லை என்பதை அன்று இரண்டு மூன்று முறை யோசித்து உறுதி செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை புதன்கிழமைத் தாளை விரித்தபோது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அமைதியான கோடுகளுக்கு நடுவே பேனா மேலும் கீழுமாகத் துள்ளித் துள்ளி அடங்கியிருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் கட்டிலை ஆட்டியது அதுதான். அவ்வளவு நாளும் இந்த ஊரில் ஒரு கட்டுக்குள் படுத்துக் கிடந்திருக்கிறது.

இனி எண்ண வேண்டியதுதான். ஐந்து மணிக்கான பெரிய மேட்டிலிருந்து நடுக்கத்தின் ஆரம்பம்வரை எத்தனை சின்ன மேடுகள்? பழைய பட்டியல் பன்னிரண்டு என்றது. எனக்கு வேண்டியது பதின்மூன்று. தாள் எப்படி வந்ததோ அப்படியே முதலில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதன் பிறகே மடிப்பு, சுருக்கம் எதையும் நீவலாம். ரேவதி ஸ்கேன் எடுத்துக் கொடுத்தார். குப்தா தன் அறைக்குப் போய்த் திரையில் எண்ணினார். ரேவதி தாளையே எண்ணினார். என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் கணவன்மார் மேல் அன்றைக்குத்தான் எனக்கு இரக்கம் வந்தது.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு மடித்த சீட்டுகள். குப்தா தன்னுடையதைப் பிரித்தார். பன்னிரண்டு. ரேவதியினுடையதைப் பிரித்தார்.

பதின்மூன்று.

குப்தாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒத்து வரவில்லை, எழுதித் தர முடியாது என்று கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். நான் வாயைத் திறந்தால் காரியம் கெடும், எனக்கு ஆசை இருக்கிறது. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேசியது ரேவதி. அதுவரை சாரிடம் 'ஜி சார்', 'தெரியும் சார்' தவிர எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. மளமளவென்று இந்தியில், கையை ஆட்டி, கொஞ்சம் குரல் உயர்த்தியே பேசினார். சாராம்சம் எனக்கே புரிந்தது. நீங்கள் எண்ணியது படத்தை, நான் எண்ணியது தாளை. வந்து பாருங்கள்.

மூன்று பேரும் தாளின் மேல் குனிந்தோம். தாளின் வலது ஓரம், கட்டுக்குள் அடங்குவதற்காக யாரோ எப்போதோ விரற்கடை அகலத்துக்குப் பின்பக்கமாக மடித்து வைத்தது. ஸ்கேன் எடுத்த பிறகு ரேவதி அதை மெதுவாகப் பிரித்து நீவியிருந்தார். உருளை ஒரு சுற்றுச் சுற்றக் கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் கோடு இந்த ஓரத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகும். ஐந்து மணிக்கும் நடுக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு முறை தாண்டியிருந்தது. பிரித்த மடிப்பில், மசி கொஞ்சமும் மங்காமல், ஒரு நிமிட மேடு.

"இதை அப்பவே யாரும் எண்ணலைக்கா" என்றார் ரேவதி, தமிழில். "ஸ்கேன் பண்ற எங்களுக்குத் தெரியும். பாதித் தாளுக்கு ஓரம் மடிஞ்சுதான் வரும்."

குப்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். மணி மேட்டிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மடிப்புக்கு வந்ததும் நின்றார். பிறகு, "பதின்மூன்று" என்றார். தன் சீட்டில் பன்னிரண்டை அடித்து, பதின்மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், மஃப்ளர் வரைக்கும் சிரித்தார். "ஐம்பது கடிதம் எழுதினீர்கள் மேடம், ஒரு மேட்டுக்காக!" நான் சத்தம் போட்டே அழுதேன். அழுதுகொண்டே ரேவதியைக் கட்டிப் பிடித்ததில் தாள் கசங்கப் பார்த்தது. இரண்டு பேருக்கும் குப்தாவிடம் திட்டு விழுந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் மட்டர் குல்ச்சா வாங்கிக் கொடுத்தேன். குப்தா இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினார்.

இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். இணையக் காப்பகத்தில் ஏற்றும் படிவத்தில் 'வாசித்தவர்கள்' என்று ஒரு கட்டம். ஒப்பந்தப் பணியாளர் பெயரைப் போடலாமா என்று குப்தா ஒரு நிமிடம் பேனாவைக் கடித்தார். "எண்ணியது அவள்தானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ரேவதி பெயரையும் தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலக வாசலுக்கு வண்டி வந்திருக்கும். நான் விமான நிலையத்தில் இருந்தேன். பச்சைக் கல் கம்மலும் சால்வையும் மெர்சியே வாங்கி என் பைக்குள் திணித்திருந்தாள். குப்தா எழுதித் தந்த உறுதிக் கடிதத்தை முந்தைய இரவே தேர்வாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவர் பதில் வந்திருந்தது. அத்தியாயம் இருக்கட்டும், வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேளுங்கள் என்று ஒரே வரி. அதை நான்கு முறை படித்தேன். பிறகு காப்பகத்தைத் திறந்து எங்கள் மலை நிலையத்தின் பெயரைத் தட்டினேன், நாளைத் தட்டினேன், விடிகாலை ஐந்து மணி தட்டினேன். பேனா துள்ளிய அதே கோடு திரையில் வந்தது. கீழே குப்தா பெயர், ரேவதி பெயர். உலகத்திலேயே முதல் ஆளாக அதை இறக்கிக்கொள்ளப் போகிறேன் என்று பார்த்தால், இறக்கியவர் எண்ணிக்கை ஏற்கெனவே ஒன்று என்றது.

ரேவதிக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் இரைச்சல்.

"நீங்கதானா கண்ணு?"

"நான்தான்க்கா!" என்றார். "விடிஞ்சதும் போன்ல எடுத்து அம்மாகிட்ட காட்டினேன். உன் பேர் எங்கேன்னு கேட்டாங்க. அம்மாக்குப் படிக்க வராது, விரலை வச்சுக் காட்டினேன்." பிறகு, "அக்கா, கட்டெல்லாம் இன்னைக்கு வண்டில ஏத்துறாங்கல்ல... கட்டிடம் மாத்தினாலும், இடிச்சாலும் இது இருக்கும்ல?"

"இருக்கும் கண்ணு. எந்த ஊர்ல இருந்து யாரு கேட்டாலும் வரும். உங்க பேரோட வரும்."

"அச்சா" என்றார் ரேவதி. அந்த ஒரு சொல்லில் இருந்த பெருமையைக் கேட்டபடியே, நான் இரண்டாவது ஆளாக அதை இறக்கிக்கொண்டேன்.